அவுட் எண்டால் அவுட்

பலகைக்குப் புதுப் பெயின்ற் அடிக்கிறோம்.
இந்த வருசம் ஆருஜன் முப்பத்திநாலு சிக்ஸர் அடித்துவிட்டான்,
பழைய முதலாம் ஆள் இரண்டாம் ஆளாக வேண்டும்.
பெயின்றர் மதிவண்ணன் ஏணியில்.
கீழே நான், ஸ்கோர் புத்தகங்களோடு.
கறையான் தின்ற எண்பத்தியிரண்டைத் தவிர
எல்லாம் இருக்கிறது.

ஒரு பருவத்தில் அதிக ஆறுகள்,
வளர்பிறை விளையாட்டுக் கழகம், அளவெட்டி வடக்கு.
சிவநேசராசா, எழுபத்திநாலு, இருபத்தெட்டு.
அந்த நேரம் எல்லைக்கோடு பனையடியில் இருந்தது,
பிறகுதான் ஆறு யார் பின்னால் போனது.
அதை அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வதில்லை.
ஆருஜனின் மட்டை சுவிஸில் இருந்து அத்தான் அனுப்பியது.
அதையும் சொல்வதில்லை.
பலகையில் எண்ணுக்கு மட்டும்தான் இடம்.

நாலாவது வரியில் மதிவண்ணன் நின்றான்.
"பகீரதன், தொண்ணூற்றியெட்டு. பதினேழுதானே அக்கா?"

தொண்ணூற்றியெட்டில்
வடக்கு எல்லைக்கு அங்கால முள்ளுக்கம்பி,
அதற்கு அங்கால மண் அணை, அதன் மேல் காவலரண்.
முதல் பந்து உள்ளே விழுந்த அன்று விசில் ஊதினார்கள்.
மைதானம் முழுக்க முழங்காலில்,
அடையாள அட்டை ஒரு கையில்.
பகீரதன் மற்றக் கையில் கையுறையைக் கழற்றாமலே இருந்தான்.
இரண்டு மணித்தியாலம்.
மட்ச் சமநிலை என்று எழுதினேன்.

அடுத்த கிழமை கூட்டம் வைத்து விதி போட்டார்கள்:
கம்பிக்கு மேலால் போனால் ஆறு இல்லை, அவுட்.
பந்தின் விலையைக் காரணமாக எழுதச் சொன்னார்கள்,
எழுதினேன். வயது பத்தொன்பது, கையெழுத்து வடிவு.

விதி எல்லாருக்கும் விளங்கியது.
தெற்கே திருப்பி அடிக்கப் பழகினார்கள்.
பகீரதனுக்கும் விளங்கியது.
ஆனால் காலடியில் நீளம் தவறி ஒரு பந்து வந்தால்
அவனுடைய தோள் கூட்டத்துக்கு வந்ததில்லை.
பதினொரு தரம்.
அடித்துவிட்டுப் பார்க்கவே மாட்டான்.
மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
மரத்தடிக்கு நடந்து வருவான்,
பந்து இன்னும் மேலே இருக்கும்.

பதினொரு விக்கெட் குறித்தேன்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.
ஏன் வைத்தேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால்
பென்சில் தவறிப்பட்டது என்றிருப்பேன்.

காணி விட்ட வருசம் புல்லு வெட்டினார்கள்.
பரிமளகாந்தி அக்கா பிளாஸ்ரிக் பேசினில் கொண்டுவந்தா:
"உங்கட சாமான், என்ர கிணத்தடியில கிடந்தது."
ஏழு பந்து.
தோல் உரிந்து, தக்கை தெரிய,
ஒன்றுக்குள் எறும்பு குடியிருந்தது.

"பதினேழும் பதினொன்றும் இருபத்தெட்டு" என்றான் மதிவண்ணன்,
"சிவநேசராசாவோட சமன். எழுதவா?"
அவுட் ஆகாமல் நின்றிருந்தால்
அந்தப் பதினொரு இனிங்ஸிலும் இன்னும் எத்தனை,
அதற்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன்.
பகீரதன் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான்,
இமையெல்லாம் சிவப்பு.
மெசினை நிப்பாட்டாமலே கேட்டான்.
கத்திக் கத்திச் சொன்னேன்:
பலகை, புள்ளி, இருபத்தெட்டு.

"அவுட் எண்டால் அவுட்" என்றான்.
"விதி போட்ட கூட்டத்தில நானும் கை உயர்த்தினனான்.
பதினேழு எண்டே எழுது."

தூளைச் சாக்கில் கொட்டினான். வாயைக் கட்டினான்.
நான் சைக்கிளை உருட்டத் தொடங்கிய பிறகுதான்
மெசின் நின்றது.

"பந்து எத்தனை கிடைச்சது?"

"ஏழு. கிணத்தடியில."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தான்.

"மற்ற நாலும் அங்க இராது" என்றான்,
"கிணத்துக்கு அங்கால தேடச் சொல்லு.
இன்னும் அங்கால."